தராசு கைவிட்ட சம்பூரணம்

மடைப்பாளையத்தில் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தேகால் மணிக்கு, தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சம்பூரணம், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நர்சிங் ஹோமில் எடை மெஷின் மேல் ஏறி நின்றாள், மெஷின் பூஜ்ஜியம் காட்டியது. நர்ஸ் அவளை இறங்கச் சொன்னாள், இறங்கினாள், ஏறச் சொன்னாள், ஏறினாள், மறுபடியும் பூஜ்ஜியம். நர்ஸ் பேட்டரியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டாள், தானே ஏறி ஐம்பத்து நாலு என்று பார்த்தாள், வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு பெரியவரை ஏற்றி நாற்பத்தெட்டு என்று பார்த்தாள், பிறகு சம்பூரணத்தை மூன்றாம் தடவை ஏற்றினாள். பூஜ்ஜியம்தான். "அக்கா, உங்களுக்கு எடை இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அட்டையில் எடைக்கு உண்டான இடத்தில் ஒரு கோடு இழுத்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

சம்பூரணம் இளைத்துவிடவில்லை. அன்றைக்கும் நர்சிங் ஹோமின் ஐந்து படிகளை ஏறுவதற்குள் அவள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள், அன்றைக்கும் அவள் உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் நாலும் வெளிப்பக்கமாக விரிந்தன, அன்றைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடை இல்லாமல் போனது தராசுக்கு மட்டும்தான். அவளுடைய முழங்காலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் ஊருக்கே இது தெரிந்தது, அடுத்த வெள்ளிக்குள் ஊருக்கே இது பழகிவிட்டது. அரிசி மண்டியில் மூட்டை போடும் தராசில் அவளை ஏற்றிப் பார்த்தார்கள், முள் அசையவில்லை. ரேஷன் கடையில் பார்த்தார்கள், பழைய இரும்புக் கடையில் பார்த்தார்கள். பைபாஸ் ரோட்டில் லாரிகளுக்கான எடைமேடையில் ஒரு நூல் லாரியை அவள் இல்லாமல் ஒரு தடவையும், அவளை டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தடவையும் நிறுத்தினார்கள், இரண்டு சீட்டும் ஒரே கணக்கைச் சொன்னது. வாரச் சந்தைக்கு வந்தவர்கள் வெங்காயம் வாங்கிய கையோடு அவள் கடைக்கும் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கிழக்குத் தெருப் பெண்கள் சிலர் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று எலுமிச்சம்பழ மாலையோடு வந்தார்கள். சம்பூரணம் மாலையை வாங்கி ஜெராக்ஸ் மெஷினுக்குப் போட்டுவிட்டு, "விதவை பென்ஷன் மனு எழுதோணுமா, பட்டா மாத்தோணுமா, என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஷேர் ஆட்டோக்காரன் எப்போதும் அவளிடம் இரண்டு ஆளுக்குக் காசு வாங்குகிறவன். எடை போன பிறகும் இரண்டு ஆளுக்கே கேட்டான். "எடை இல்லைன்னா என்னுங்கக்கா, எடம் அதே எடந்தானுங்களே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது.

எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் பலர் உண்டு, அந்த வரிசையில் நாங்களும் நிற்கிறோம். ஒரு தராசு ஒரு பெண்ணைக் கைவிட்டதற்குச் சந்தை கூடிப் பார்த்த நாங்கள், அதற்கு முந்தின மூன்று வருஷத்தில் அதே பெண் அதே நர்சிங் ஹோம் படிகளை எட்டுத் தடவை ஏறி இறங்கியதை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

சம்பூரணத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தெட்டில் மாதவிலக்கு நின்றது. ஒன்றரை வருஷம் கழித்து, கடையில் ஒரு ஆளுக்கு வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தபோது, நின்றுபோனது திரும்பி வந்தது. நாலு நாள் இருந்தது, போனது. ஒரு மாதம் கழித்துப் பத்து நாள் இருந்தது. பிறகு எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாதது போல் வந்து போனது. முதல் தடவை அவள் போனபோது டாக்டர் கோகுலகண்ணன் அட்டையில் நூற்றுப் பதினாறு என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, "மொதல்ல எடையைக் குறைங்க, மத்ததெல்லாம் தானா சரியாயிரும்" என்று சொல்லி அதையே சீட்டிலும் எழுதினார். இரண்டாம் தடவை போனாள், எடையைக் குறைக்கவும் என்று எழுதினார். மூன்றாம் தடவை தலைசுற்றலோடு போனாள், சத்து மாத்திரையும் எழுதி, எடையைக் குறைக்கவும் என்றும் எழுதினார். நாலாம் தடவை, ஐந்தாம் தடவை, ஆறாம் தடவை. ஏழாம் தடவை அவள் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள், அவர் தொட்டுப் பார்க்கவில்லை. எட்டாம் தடவை "வாயைக் கட்ட முடியலைன்னா டாக்டர் என்ன பண்ண முடியும்" என்று சிரித்தார், பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள், சம்பூரணமும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தாள்.

வாயைக் கட்டாமலா இருந்தாள். எலுமிச்சைச் சாறும் தேனும் குடித்தாள், கொள்ளுத் தண்ணீர் குடித்தாள், சோற்றை விட்டாள், பதினோரு நாள் வெறும் வெள்ளரிக்காயில் கிடந்து கடை வாசலில் மயங்கி விழுந்தாள். நகராட்சிப் பூங்காவில் ஆரோக்கிய கிளப் நடத்தும் ஜெயப்பிரகாஷ் விற்ற பவுடரை ஏழு மாதம் கரைத்துக் குடித்துப் பதினோரு கிலோ இறக்கினாள், நிறுத்தின ஐந்து மாதத்தில் பதினாலு கிலோ ஏறியது. "நீங்க ஒழுங்காக் குடிச்சிருக்க மாட்டீங்க" என்றான் அவன். கல்யாணப் பந்தியில் அவள் இலையில் என்ன விழுகிறது என்று நாங்கள் எட்டிப் பார்த்தோம், அதனால் பந்தியில் அவள் ஒரு கரண்டிக்கு மேல் வாங்கியதில்லை. வாங்காததையும் பார்த்து, வீட்டுக்குப் போய்த் தின்பாள் என்று சொன்னதும் நாங்கள்தான்.

எனவே ஒன்பதாம் தடவையில் தராசு பூஜ்ஜியம் காட்டியபோது, உண்மையில் திண்டாடிப் போனவர் டாக்டர் கோகுலகண்ணன் ஒருவர்தான். அட்டையைப் பார்த்தார், கோடு இருந்தது. பேனாவைத் திறந்தார், வழக்கமாக எழுதும் வரியில் பாதி எழுதிவிட்டு நிறுத்தினார். கோவையிலிருந்து புது மெஷின் வரவழைத்து மறுவாரம் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார், அதுவும் கைவிட்டது. "எடை தெரியாம நான் என்னத்தைச் சொல்றது" என்று சலித்துக்கொண்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தில் இரண்டே வரி இருந்தது: நோயாளிக்கு எடை இல்லை. காரணம் தெரியவில்லை. ரத்தப்போக்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதற்குள் ஜெயப்பிரகாஷ் பூங்கா வாசலில் சம்பூரணத்தின் படம் போட்டுப் பெரிய பேனர் கட்டிவிட்டான். நூற்று இருபதிலிருந்து பூஜ்ஜியத்துக்கு, எங்கள் கிளப்பின் சாதனை என்று அதில் இருந்தது. சம்பூரணம் போய்க் கழற்றச் சொன்னாள்.

"உங்களால நாலு பேருக்கு நல்லது நடந்தா உங்களுக்கு என்னுங்கக்கா?" என்றான்.

"எனக்கு ரத்தமாப் போயிட்டு இருக்குது தம்பி. அதையும் பேனர்ல போடு" என்றாள்.

அவன் கழற்றவில்லை. விசைத்தறி ஓடும் தறிக்குடோனில் வேலை செய்யும் பெண்கள் இருபது பேர் அந்த வாரம் புதிதாகச் சேர்ந்து பவுடர் குடித்தார்கள்.

மாவட்ட மருத்துவமனைக்கு அவளோடு கணவன் நாச்சிமுத்துவும் போனான். தறி மெக்கானிக், அதிகம் பேசாதவன். முதல் நாள் அங்கேயும் மெஷினில்தான் ஏற்றினார்கள். கடிதத்தைப் படித்த இளம் டாக்டர்கள் கூடி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்கள் நலப் பிரிவின் டாக்டர் ஜெரினா வந்தார். குள்ளமானவர், பாதி நரைத்தவர், காலில் ரப்பர் செருப்பு. மெஷினை ஒரு பார்வை பார்த்தார், கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார், அதை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டார்.

"எடை கிடக்கட்டும். உங்களுக்கு என்ன தொந்தரவு?"

ஊரில் எல்லாருடைய குறையையும் பெறுநர், பொருள் எல்லாம் போட்டு அரை மணியில் எழுதிக் கொடுக்கிறவளுக்குத் தன்னுடையது எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. டாக்டர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். பிறகு அவள் சொன்னாள், மூன்று வருஷத்தையும் சொன்னாள், எத்தனை நாள், எவ்வளவு, என்ன நிறம், எந்தப் பக்கம் வலி என்று எல்லாம் சொன்னாள். நாச்சிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதிக்கு மேல் அவனுக்கே புதிது.

டாக்டர் ஜெரினா அவளைப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்தாம் நாள் முடிவு வந்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய்.

"ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்மா. சீக்கிரம் பண்ணணும்" என்றார்.

"எடையைக் குறைச்சுட்டு வரோணுங்களா?" என்று சம்பூரணம் கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஆளை அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே விடும்.

"எடை குறையுற வரைக்கும் இந்த நோய் காத்துக்கிட்டிருக்காது. உங்களைப் பத்திரமா மேஜைக்குக் கொண்டுபோறது எங்க வேலை. அதுக்கு மூணு வாரம் குடுங்க."

ஆபரேஷனுக்கு முன் எழுத வேண்டிய படிவம் ஒன்று இருந்தது, அதில் எடை என்ற கட்டம் இருந்தது, அதை நிரப்பாமல் வாங்கமாட்டேன் என்று குமாஸ்தா திருப்பி நீட்டினார். சம்பூரணம் அவருடைய பேனாவையே வாங்கி, அளக்க இயலவில்லை என்று கட்டத்துக்குள் அடங்கும்படி எழுதி, பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைத்துக் கொடுத்தாள். எழுதியது ஒழுங்காக இருந்ததால் அவர் வாங்கிக்கொண்டார்.

மயக்க மருந்து டாக்டர் இமானுவேல் உயரமான மனிதர். தையல்காரர் மாதிரி கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். "எடை இல்லாம எப்படிங்க மருந்து குடுப்பீங்க?" என்று நாச்சிமுத்து பயந்து கேட்டான்.

"உயரத்தை வெச்சுப் பெரும்பாலும் கணக்குப் போட்டுக்கலாம். எடை தெரிஞ்சா நல்லதுதான், இல்லைன்னா வேலை நிக்காது" என்றார் அவர். அவளுடைய உயரத்தை அளந்தார், கழுத்தின் சுற்றளவை அளந்தார், இடுப்பை அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தார். பிறகு இரண்டு மாடி ஏறச் சொல்லி, கூடவே ஒவ்வொரு படியாகத் தானும் ஏறினார், அவள் நின்ற இடத்தில் எல்லாம் நின்றார். நெஞ்சு வலிக்கிறதா, கால் வீங்குகிறதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியதுண்டா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வி கேட்டார்.

"தூக்கத்துல குறட்டை விடுவாங்களா?" இது நாச்சிமுத்துவிடம்.

"லோடு லாரி மேடு ஏறுறாப்ல இருக்குமுங்க. அப்பறம் திடீர்னு நின்னு போயிரும். மூச்சே இருக்காதுங்க. நான் தோளைத் தட்டி உட்டா மறுபடி ஆரம்பிக்கும்."

"எத்தனை வருஷமா தட்டுறீங்க?"

"ஏழெட்டு வருஷம் இருக்குமுங்க."

டாக்டர் இமானுவேல் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "இவங்க உயிரோட இருக்கிறதுக்கு நீங்களும் ஒரு காரணம்" என்றார். நாச்சிமுத்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு அவர் இருவரையும் உட்காரவைத்து ஒளிக்காமல் சொன்னார். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இருக்கிறது. சர்க்கரை இருக்கிறது, மூன்று மாதத்துச் சராசரி ஆறரைக்குள் இருக்க வேண்டியது ஒன்பதுக்கு மேல், இதுவரை யாரும் பார்க்கவே இல்லை. ரத்த அழுத்தம் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டலாம், தையல் போட்ட இடம் சீழ் வைக்கலாம், மயக்கம் தெளியும்போது மூச்சு திணறலாம். "ஆபத்து இருக்கும்மா, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொன்னுக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. அதைச் செஞ்சுட்டுப் போவோம்."

அந்த மூன்று வாரத்தில் அவளைப் பட்டினி போடச் சொல்லாத முதல் ஆளை சம்பூரணம் சந்தித்தாள், உணவுப் பிரிவில் இருந்த ஒரு பெண். சாப்பிடுங்கள் என்றாள் அவள். காலையில் இரண்டு முட்டை, மதியம் தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, மீதி பருப்போ மீனோ கோழியோ, சாயங்காலம் சுண்டல், டீயில் சர்க்கரை வேண்டாம், கிளப் பவுடர் வேண்டவே வேண்டாம். ஆபரேஷன் காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், பட்டினி கிடந்தால் உடம்பு அதை எங்கிருந்து எடுக்கும் என்று கேட்டாள். சர்க்கரைக்கு மருந்து ஆரம்பித்தார்கள். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த ஒரு டப்பா கொடுத்தார்கள். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும்படி காற்று அடிக்கும் மெஷின் ஒன்றை மருத்துவமனையிலிருந்தே இரவல் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தூங்கி எழுந்த முதல் காலையில், சம்பூரணம் படுக்கையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நாச்சிமுத்து பதறிப்போய் என்னவென்று கேட்டான்.

"தூக்கம்னா இப்படித்தான் இருக்குமா மாமா? எல்லாரும் தெனமும் இப்படித்தான் தூங்குறாங்களா?"

அவளைச் சோம்பேறி என்றும் கடையில் உட்கார்ந்தே தூங்கி விழுகிறாள் என்றும் சொல்லிச் சிரித்த ஊர், எட்டு வருஷம் தூங்காமலேயே எங்கள் மனுக்களை எல்லாம் அவள் எழுதினாள் என்பதை அன்றைக்குத்தான் அறிந்துகொண்டது. அறிந்து என்ன செய்தோம் என்றால், ஒன்றும் செய்யவில்லை. சர்டிபிகேட்டுக்கு ஆள் இல்லாமல் கடை பூட்டிக் கிடக்கிறதே என்று குறைப்பட்டோம்.

ஆபரேஷன் ஐப்பசியில் நடந்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்ற, எடை இல்லாத பெண்தானே என்று இரண்டு பேர் மட்டும் வந்தார்கள், பிறகு ஆறு பேர் வந்து தூக்கினார்கள். நாலு மணி நேரம் ஆனது. கண் விழித்தபோது டாக்டர் இமானுவேல் அவள் தலைமாட்டில் நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே இரண்டு நர்சுகள் அவளைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி நடக்கவைத்தார்கள், ரத்தம் கட்டாமலிருக்க வயிற்றில் தினமும் ஊசி போட்டார்கள். தையல் ஆறியது.

வெளியே எடுத்த கர்ப்பப்பையின் பரிசோதனை முடிவோடு டாக்டர் ஜெரினா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நோய் சுவரில் பாதிக்கு மேல் போயிருந்தது. வெளியே பரவவில்லை, ஆனாலும் இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு வைக்க வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அவருக்கே தாங்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா மாத்திரையிலேயேகூடச் சரி பண்ணியிருக்கலாம்மா. இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"வந்தேனுங்க டாக்டர்" என்றாள் சம்பூரணம். "ஒன்பது தடவை வந்தேனுங்க."

டாக்டர் ஜெரினா தலையைக் குனிந்துகொண்டார். தான் செய்யாத தப்புக்கு அவர் குனிந்தார். செய்தவர் அந்த நேரத்தில் மடைப்பாளையத்தில் இன்னொரு பெண்ணுக்கு அதே வரியை எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வழக்கம் மாறாமல் நர்ஸ் அவளை மெஷினில் ஏறச் சொன்னாள். மெஷின் நூற்றுப் பதினாலு காட்டியது. எப்படிப் போனதோ அப்படியே வந்துவிட்டது, அங்கேயும் யாரும் ஆச்சரியப்படவில்லை; நர்ஸ் கட்டத்தில் எழுதிக்கொண்டாள். சம்பூரணம் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னுதுதான்" என்றாள்.

"இதுக்கும் வைத்தியம் உண்டு" என்றார் டாக்டர் ஜெரினா. "கதிர்வீச்சு முடியட்டும். சாப்பாடு, நடை, சர்க்கரைக்குப் போடுற மருந்துலயே எடையையும் கொஞ்சம் இறக்குறது இருக்கு. போதலைன்னா இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பத்தியும் பேசலாம். மெதுவாத்தான் நடக்கும். பிரஷர் மாதிரி, சர்க்கரை மாதிரி, இது ஒரு நோய். நோய்க்கு யாரும் யாரையும் திட்டக்கூடாது."

சம்பூரணம் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். டாக்டர் திரும்பச் சொன்னார்.

மார்கழியில் கதிர்வீச்சு முடிந்தது. மாசியில், கடையை மறுபடி திறந்த மூன்றாம் நாள், சம்பூரணம் நர்சிங் ஹோமுக்குப் போனாள். அன்றைக்கு அவள் எடை நூற்று எட்டு. டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனாள்.

"வாங்க, வாங்க. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதாமே" என்றார் டாக்டர் கோகுலகண்ணன். "நான் சரியான எடத்துக்குத்தான் அனுப்பி வெச்சிருக்கேன்."

அவள் எட்டுச் சீட்டுகளையும், ஒன்பதாவதாக அந்தக் கடிதத்தின் நகலையும் மேஜையில் பரப்பினாள். "படிங்க டாக்டர்."

அவர் மேலோட்டமாகப் பார்த்தார். "தப்பா ஒண்ணும் எழுதலையே. உங்க நோய்க்குக் காரணமே எடைதான். எந்தப் புத்தகத்துல வேணாலும் பாருங்க."

"ஆமாங்க. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க. குண்டா இருக்குற பொம்பளைங்களுக்கு இந்த நோய் வர்றது ஜாஸ்தின்னு. அப்படின்னா என்னைப் பாத்ததும் உங்களுக்குச் சந்தேகம் மொதல்ல வந்திருக்கோணுமுங்களே. மெலிஞ்சவளா இருந்தாத் தள்ளிப் போட்டிருக்கலாம். என்னைத் தள்ளிப் போடலாமுங்களா?"

அவர் சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்க ஆரம்பித்தார். "காலையில நூறு பேரைப் பாக்கறேம்மா. ஒவ்வொருத்தரையும் உக்காரவெச்சுக் கதை கேட்டுட்டிருந்தா முடியுமா?"

"நானும் அந்த நூறு பேர்ல தானுங்க உக்காந்திருந்தேன்" என்றாள் சம்பூரணம். அவள் குரல் உயரவில்லை, ஆனால் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. "என் எடை நூத்தி எட்டுங்க. மறைக்கல. அதை ஒரு வரியில எழுதிட்டு, அடுத்த வரியில என் வயித்தை எழுதியிருக்கலாம். அதுக்கு அடுத்த வரியில என் ரத்தத்தை எழுதியிருக்கலாம். ஒன்பது தடவையும் நீங்க எடையைத் தாண்டி எழுதலீங்க."

பிறகு பையிலிருந்து நாலு பக்க மனு ஒன்றை எடுத்து வைத்தாள். பெறுநர் மருத்துவக் கவுன்சில் என்று இருந்தது. "இது நகல். அசல் நேத்தே ரிஜிஸ்டர் தபால்ல போயிருச்சுங்க."

அவள் எழுந்து வெளியே வந்தாள். பெஞ்சில் இருந்த நாங்கள் அவளுக்கு வழி விட்டோம், ஒருவரும் நாற்காலிக் கால்களைப் பார்க்கவில்லை, எல்லாரும் முகத்தைப் பார்த்தோம். அந்த மனுவுக்குக் கவுன்சிலிலிருந்து இன்னும் விசாரணைத் தேதி வரவில்லை. இரண்டு நினைவூட்டுக் கடிதம் போட்டிருக்கிறாள், மூன்றாவதும் போடுவாள்.

அடுத்த டோக்கன் தேவகியுடையது. தறிக்குடோனில் நூல் சுற்றுகிறவள், முப்பத்தாறு வயது, பெரிய உடம்பு, ஆறேழு தடவை வந்து அதே வரியை வாங்கிப் போனவள். மெஷினில் ஏறினாள். பூஜ்ஜியம் காட்டியது. நர்ஸ் பேட்டரியைத் தொடக்கூட இல்லை, கோடு இழுத்து உள்ளே அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பள்ளிக்கூட டீச்சர் ஏறினாள், பூஜ்ஜியம். அதற்குப் பின்னால், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பெண் ஏறினாள், பூஜ்ஜியம். வரிசையில் இருந்த ஒல்லிப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் மெஷின் ஒழுங்காக எடை காட்டியது.

உள்ளே டாக்டர் கோகுலகண்ணன் தேவகியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். வெளியே நர்ஸ் இன்னொரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. தேவகி நின்றாள், அவளுக்கு அவசரம் இருக்கவில்லை.

"உனக்கு என்னம்மா பண்ணுது?" என்றார் கடைசியில்.

"எங்கிருந்து சொல்லட்டுங்க?"

அவர் அட்டையை ஓரமாக வைத்தார். "ஆரம்பத்துல இருந்து சொல்லு."

தேவகி நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.